சித்தப்பாவின் தோல் ஜாக்கெட்டும் என் தேங்காய் எண்ணெயும்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, ரயிலைப் பற்றித்தான் எழுதுவேன் என்று அவர் நினைத்திருப்பார். 38 வருடம் ரயில்வேயில் குப்பை கொட்டியவன் வேறு எதை எழுதப் போகிறான்! ஆனால் 2019-ல் மகள் வீட்டுக்கு லண்டன் வந்திருந்தபோது, நம் அன்பர்கள் யாரும் என்னிடம் ரயிலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தீபாவளி விழாவுக்கு மகள் போட்டுக்கொண்டு வந்த பழுப்பு நிறத் தோல் ஜாக்கெட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்கே வாங்கியது, உடம்புக்கு எப்படி இவ்வளவு சரியாக இருக்கிறது, எங்கள் வீட்டிலும் பழையது ஒன்று கிடக்கிறது, தேறுமா என்று ஆளுக்கொரு கேள்வி. அன்றைக்கு அவசரத்தில் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இதில் என் முட்டாள்தனம் ஒன்றும் உண்டு. அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்கு யோசனை சொல்வது நியாயமாகாது.

எங்கள் ஊர் முதலமடை. பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. எங்களைப் போன்ற பல குடும்பங்களில் வீட்டில் தமிழ், ஆபீஸ் காரியத்துக்கு மலையாளம். மற்ற ஊர்களில் மாமரம் பூத்துக்கொண்டிருக்கும்போதே ஜனவரியில் எங்கள் ஊர் மாங்காய் வடக்கே லாரி ஏறிவிடும். அவ்வளவு சீக்கிரம் காய் பிடிக்கிற பூமி என்றால் வெயிலைக் கேட்க வேண்டுமா? தோல் ஜாக்கெட்டுக்கும் முதலமடைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஆனாலும் ஒரு ஜாக்கெட் வந்து சேர்ந்தது. 1983-ம் வருடம் மே மாதம். எங்கள் ஸ்டேஷன் 1932-ல் பாலக்காடு-பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதையோடு வந்தது. பிளாட்பாரத்து ஆலமரங்களைப் பிற்பாடு சினிமாக்காரர்கள் தேடி வந்து படம் பிடித்தார்கள். அந்த மரத்தடியில் நானும் அப்பாவும் காத்துக்கொண்டிருந்தோம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த பாசஞ்சரிலிருந்து சித்தப்பா இறங்கினார். இங்கிலாந்தில் 16 வருடம் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு ஒரேயடியாகத் திரும்பி வருகிறவர், உச்சி வெயிலில் கழுத்துவரை ஜிப் போட்ட தோல் ஜாக்கெட்டில் நின்றார். முகமெல்லாம் வியர்வை. "என்னடா இது கோலம்?" என்றார் அப்பா. "பொட்டியில எடம் இல்லண்ணா. கையில வெச்சிருந்தா எங்காச்சும் விட்டுப்போடுவேன். அதான் போட்டுக்கிட்டேன்" என்றார் சித்தப்பா.

அதன்பின் அவர் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. பீரோவில் தொங்கும். ஆடி மாதத்தில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை எடுத்து உலர்ந்த துணியால் துடைத்து, திண்ணை நிழலில் காற்றாட மாட்டிவிட்டு மறுபடி உள்ளே வைப்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 2009-ல் காலமாவதற்குச் சில மாதம் முன்பு என்னிடம், "உன்ர புள்ளைக யாராச்சும் குளிர் தேசம் போனா அதக் குடுத்துரு" என்றார். 2016-ல் என் மகளுக்கு லண்டனில் வேலை கிடைத்தது.

இங்கேதான் என் கைங்கரியம். ஏழு வருடமாக யாரும் தொடாத ஜாக்கெட் வறண்டு, முழங்கை மடிப்பில் வெடிப்பு தெரிந்தது. தோல் என்றால் எண்ணெய் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எந்த எண்ணெய், எவ்வளவு என்று யோசிக்கவில்லை. பாலக்காட்டுக்காரன் கைக்கு முதலில் எட்டுவது தேங்காய் எண்ணெய்தானே? ஏப்ரல் மாத வெயிலில் ஒரு கிண்ணம் எண்ணெயை வஞ்சனையில்லாமல் தேய்த்தேன். தோல் அத்தனையும் குடித்தது. கருப்பட்டி நிறத்தில் மின்னியது. மகளுக்கும் மகிழ்ச்சி, எனக்குப் பெருமை வேறு.

நவம்பரில் போன் வந்தது. "அப்பா, சின்னத் தாத்தா ஜாக்கெட் பூராவும் வெள்ளையாப் பூஞ்சக்காளான் பூத்திருக்கு. தொடைக்கத் தொடைக்க வருது. ஆபீஸ்ல ஒருத்தங்க மூக்கச் சுளிச்சாங்க. தூக்கிப் போட்டுரட்டுமா?" குரலில் அழுகை இருந்தது. எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. ஒப்படைத்த பொருளைக் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம்தான்.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் பாய். நான் டிப்ளமா முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்து, பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் சில வருடம் ட்ரிம்மிங் ஷாப்பைப் பார்த்துக்கொண்டேன். பெட்டிகளின் சீட்டு, பர்த் எல்லாவற்றுக்கும் ரெக்ஸின் வெட்டித் தைக்கிற இடம். அங்கே மூத்த ட்ரிம்மர் ஒருவர், ஆம்பூர்க்காரர். அவர் குடும்பமே தோல் ஷாப்பில் வேலை பார்த்தது. ரெக்ஸினை அவர் தோலாகவே மதிக்கமாட்டார். லீவு நாளில் என்னை சென்ட்ரல் பக்கத்தில் பெரியமேட்டுத் தோல் மண்டிகளுக்கு அழைத்துப் போய், ஒவ்வொரு தோலையும் தடவச் சொல்லி, "இது வெள்ளாடு, இது செம்மறி, இது கன்னுக்குட்டி" என்று பாடம் நடத்துவார். போனில் அவரைப் பிடித்துக் கேட்டேன். சிரித்தார். "சார், தேங்காய் எண்ணெய் உங்க ஊர்ல எண்ணெய், லண்டன்ல மெழுகு! பாப்பாவை ஜாக்கெட்டை ஹீட்டர் பக்கத்துல கொஞ்ச நேரம் வெக்கச் சொல்லுங்க, ஒட்டி வெச்சிடாம. வெள்ளை மறைஞ்சா எண்ணெய். மறையலைன்னா பூஞ்சக்காளான்."

மறைந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது மார்கழியில் தலைக்கு எண்ணெய் வைக்கிற எந்தக் குழந்தைக்கும் தெரியும். இந்த இன்ஜினியருக்குத் தோன்றவில்லை. தோலுக்குள் போன எண்ணெய் குளிரில் இறுகி மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பழைய ஜாக்கெட்டில் வெள்ளை படிந்தால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பூஞ்சையென்றே இருந்தாலும் குப்பையில் போட வேண்டாம். வீட்டுக்கு வெளியே வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் லேசாக நனைத்துத் துடைத்து நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் போய்விடும். உள்மடிப்பில் ஒரு மூலையில் துடைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும்.

எண்ணெயை வெளியே எடுப்பதுதான் பெரிய வேலை. அது நான் 2019 அக்டோபரில் ரிட்டயரான கையோடு லண்டன் வந்தபோது நடந்தது. ஜாக்கெட்டை மேஜையில் விரித்து, இளஞ்சூட்டில் வைத்து, கார்ன்ஃபிளவர் மாவைத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் தட்டிவிடுவேன். நான்கு நாள் இதே வேலை. வீடெல்லாம் வாணலி வாசனை என்று மருமகன் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தோலுக்கென்றே விற்கும் கிரீமை, பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்தேன். வருடத்துக்கு ஒரு முறை அது போதும். கிண்ணம் வேண்டாம்.

தோல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அதைப் பதப்படுத்துகிற விதம் தெரிய வேண்டும். நம் பக்கத்துப் பழைய முறை ஆவாரம்பட்டை. பொங்கலுக்குக் கொங்கு நாட்டில் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் காப்புக் கட்டுகிறோமே, அதே ஆவாரைதான். பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய் கொடுப்பார்கள். இப்படிப் பதனிட்ட நம் தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு இதை அரசாங்கமே வாங்கியது. இன்னொரு முறை குரோமியம் உப்பு. வாரக்கணக்கு வேலை ஒன்றிரண்டு நாளில் முடியும், தோலும் மெத்தென்று இருக்கும். 1912-ல் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். தாம்பரம் மின்சார ரயிலில் தினம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஜாக்கெட் வாங்கும்போது இதற்கு ஒரு பயன் உண்டு. பாக்கெட் உள்ளேயோ காலர் அடியிலோ வெட்டு விளிம்பு தெரியும். நடுவில் நீலச் சாம்பல் சாயல் இருந்தால் பெரும்பாலும் குரோம் தோல், முழுக்கப் பழுப்பென்றால் பட்டைத் தோலாக இருக்கலாம். சாயம் முழுக்க ஊறியிருந்தால் இது தெரியாது. நனைந்த பட்டைத் தோல் 80 டிகிரிச் சூட்டிலேயே சுருங்கிவிடும். குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும் என்பார்கள். அதை நம்பி இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், மேல் பூச்சு போய்விடும். பட்டைத் தோல் வயதானால் சில சமயம் செம்பொடியாக உதிரும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் புத்தக பைண்டிங் தோல்களை ஆராய்ந்தவர்கள் நம் ஈஸ்ட் இந்தியா தோலை இதற்காகக் குறை சொன்னார்கள். வருத்தமாக இருந்தாலும் உண்மை. விரலில் செம்பொடி ஒட்டினால் அந்த ஜாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அதற்கு வைத்தியம் இல்லை.

சித்தப்பா சிறு உடம்புக்காரர். மகளுக்குத் தோள் அளவு அப்படியே பொருந்தியது, எங்கள் அதிர்ஷ்டம். நான் எல்லோருக்கும் சொல்வது, தோளைப் பார்க்காமல் பணப்பையைத் திறக்காதீர்கள் என்பதுதான். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். அது கீழே இறங்கினாலோ கழுத்துப் பக்கம் ஏறினாலோ, ஜாக்கெட்டையே பிரித்து மறுபடி வெட்ட வேண்டும். கை நீளத்தைக் குறைக்கலாம், நாங்கள் ஒன்றரை அங்குலம் குறைத்தோம். பக்கவாட்டில் பிடிக்கலாம். பெரிதாக்க முடியாது. துணியில் பழைய தையலைப் பிரித்தால் ஓட்டை மறைந்துவிடும். தோலில் குத்திய ஓட்டை நிரந்தரம். அதனால் குண்டூசிகூடக் குத்தக்கூடாது, துணி காயப்போடும் கிளிப்பைப் போட்டு அளவு பாருங்கள்.

பழைய ஜாக்கெட்டின் லேபிளில் இருக்கும் சைஸை நம்ப வேண்டாம். அந்தக் கால அளவு இன்றையதைவிடச் சிறியது, போதாததற்குத் தோலும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். ஜிப்பைப் போட்டு, தரையில் தட்டையாக விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை டேப் பிடித்து இரண்டால் பெருக்குங்கள். உங்கள் மார்பளவைவிட நான்கு அங்குலமாவது கூட இருக்க வேண்டும். உள்ளே ஸ்வெட்டர் போடுவதென்றால் இன்னும் கொஞ்சம். பிறகு போட்டுக்கொண்டு கையைத் தூக்குங்கள், நாற்காலியில் உட்காருங்கள். நான் பிளாட்பாரத்தில் கொடி காட்டுகிற மாதிரி கையை உயர்த்திக் காட்ட, கடைக்காரப் பெண்மணி பயந்துபோனார்.

அந்தக் கடை மருமகனுக்காகப் போனது. மாமனார் கைவேலையைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு சேரிட்டி ஷாப்பில் கருப்பு ஜாக்கெட் ஒன்று 35 பவுண்டு. லைனிங் கிழிசல், ஜிப் ஓடவில்லை. அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். நான் விடவில்லை. லைனிங், ஜிப், பட்டன், கைமுனைப் பின்னல் இவையெல்லாம் மாற்றக்கூடியவை. காலர், முழங்கை, அக்குள் இந்த மூன்றிலும் தோலை லேசாக இழுத்துப் பார்த்தேன். காகிதம் மாதிரி கிழியவில்லை. வெடிப்பும் மேல்பூச்சோடு நின்றிருந்தது. மோந்து பார்த்தேன், பூச்சி உருண்டை வாசனை மட்டும்தான். மூக்கும் ஒரு கருவிதான். புகையிலை நெடி எளிதில் போகாது, ஈரப் பூஞ்சை நெடி இருந்தால் லைனிங்குக்கு உள்ளே வேறு கதை இருக்கும்.

வீட்டுக்கு வந்து லைனிங்கைப் பிரித்தபோது உள்பாக்கெட்டில் சின்ன லேபிள்: மேட் இன் இந்தியா. தொட்டதும் பாயின் குரல் காதில் கேட்டது. மயிர் குட்டையான நம் செம்மறித் தோல், நாப்பா என்பார்கள். 1973-ல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியை நிறுத்தி, முழுதாக முடித்த தோலும் தைத்த பொருளும்தான் வெளியே போக வேண்டும் என்று கொள்கையை மாற்றியது. அதற்குப் பின்தான் சென்னையில் தோல் ஆடைத் தொழில் வளர்ந்தது. அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும், அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மாவும் அதற்கு அடித்தளம் போட்டவர்கள். அந்த மனிதர் 1985-ல் கனிஷ்கா விமானத்தோடு போனார். மருமகனின் ஜாக்கெட் எந்த ஊரில் தைத்தது என்று லேபிளில் இல்லை. பெரியமேட்டுப் பக்கம்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

நம் ஆட்டுத் தோல் சிறியது, ஒரு ஜாக்கெட்டுக்கு ஏழெட்டாவது வேண்டும். ஒவ்வொன்றையும் பதனிட எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு! வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் பாலாறு என்ன ஆயிற்று என்று பாய் சொல்லும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும். சோறு போட்ட தொழில், கிணற்றைக் கெடுத்த தொழில், இரண்டும் ஒன்றே. 1996-ல் வேலூர் மக்கள் நலச் சங்கம் தொடர்ந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு கட்டாயமாக அமலுக்கு வந்தது. ஏற்கெனவே பதனிட்டுத் தைத்த தோல் 30 வருடம் உழைக்கத் தயாராக இருக்கும்போது புதியது ஏன் என்பது என் கட்சி. வாணியம்பாடித் தொழிலாளி ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தால் அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கும்.

ரிப்பேருக்கு வருகிறேன். மருமகனின் ஜிப்பில் பல் எல்லாம் இருந்தன, ரன்னர்தான் வாய் விரிந்திருந்தது. கொறடால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்ததும் ஓடியது. பல் போயிருந்தால் ஜிப்பையே மாற்ற வேண்டும். அப்போது பழைய தையல் ஓட்டையிலேயே புது நூல் போக வேண்டும், புது ஓட்டை போடக்கூடாது. பாய் சொல்வார், "நெருக்கி நெருக்கித் தெச்சா பலம்னு நெனக்காதீங்க சார், தபால்தலை மாதிரி கிழிஞ்சு வரும்." அங்குலத்துக்கு ஏழு, எட்டுத் தையல் போதும். பருத்தி நூல் மக்கிவிடும், பாலியஸ்டர் நூலை மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். முக்கோண முனை ஊசி என்று கேட்டு வாங்குங்கள், சாதா ஊசி தோலில் திணறும்.

சித்தப்பா ஜாக்கெட்டில் அக்குள் பக்கம் இரண்டு அங்குலக் கிழிசல் இருந்தது. மேலே ஒட்டுப் போட்டால் பஞ்சர் ஒட்டிய டியூப் மாதிரி இருக்கும். லைனிங்கைப் பிரித்து, உள்பக்கம் மெல்லிய தோல் துண்டின் விளிம்பைச் சீவி, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, காய்ந்து பிசுபிசுப்பு குறைந்தபின் ஒட்டி, மேலே பழைய கிழிசலின் வாயைச் சேர்த்து அமுக்கினேன். அந்தத் தோல் துண்டு பாய் எனக்கு ரிட்டயர்மென்ட் அன்று கொடுத்தது, ஆவாரம்பட்டை வெள்ளாட்டுத் தோல். வெளியே தெரியாது. உள்ளே இருக்கிறது.

அந்தப் பயணத்தில் ஒரு நாள் மகள் என்னை லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறக்கி பெர்மாண்ட்சிக்கு அழைத்துப் போனாள். 1836-ல் லண்டனின் முதல் ரயில்பாதை ஓடிய செங்கல் வளைவுகள் அங்கே இன்னும் வேலை செய்கின்றன. நான் அதைப் பார்க்க விரும்பினேன். அவள் காட்ட விரும்பியது சற்றுத் தள்ளி 1878-ல் கட்டிய பழைய தோல் வர்த்தகக் கட்டடம். முகப்பில் வட்ட வட்டமாகத் தோல் தொழிலின் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். நம் ஆவாரம்பட்டைத் தோல் வந்து விலைபோன வட்டாரம் அது. இப்போது ஆபீசும் சாப்பாட்டுக் கடையும். சித்தப்பாவின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவள் அந்தச் சிற்பங்களுக்குக் கீழே நிற்க, போட்டோ எடுத்தேன்.

ஊருக்கு ஜாக்கெட்டைக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து இடவப்பாதி மழையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடாதீர்கள், ஒரே மாதத்தில் நிஜமான பூஞ்சை வந்துவிடும். அகலமான மர ஹேங்கரில், பழைய பருத்தி வேட்டியைப் போர்த்தி, காற்றுப்படும் இடத்தில் மாட்டுங்கள். வெயில் ஆகாது. சித்தப்பா 26 வருடம் செய்தது இதுதான், எண்ணெய்கூட இல்லாமல்.

போன மே மாதம் மகள் வந்தாள். கோவை விமான நிலையத்தில் காத்திருந்தேன். 38 டிகிரி வெயில். தள்ளுவண்டியில் இரண்டு பெட்டி, உடம்பில் ஜாக்கெட். "என்ன கண்ணு இது?" என்றேன். "பெட்டி ரெண்டும் வெயிட் ஆயிருச்சுப்பா" என்றாள். ஜிப் நடுவில் சிக்குகிறது என்றும் சொன்னாள். வீட்டில் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று இருந்தது, அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.